வெளுக்காத முகம்

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற என்னைப் பார்த்து, சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், "பொண்ணுக்கு அம்மாவா?" என்று கேட்டார். நான் பொண்ணுக்கு மகள். அன்றைக்கு என் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மணையில் உட்காரப்போகிறவள் என் அம்மா சுகன்யா. அவளுக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு முப்பத்து நான்கு. பார்க்கிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தப் பெரியவரே கல்லூரிப் பையன் மாதிரிதான் இருந்தார்.

ஒரு காலத்தில் முகம் சுருங்காமல் இருக்க ஜனங்கள் பாடாய்ப் பட்டார்கள். நெல்லிக்காய்ச் சாறு, காரட் சாறு, மீன் எண்ணெய் மாத்திரை, பாலில் கலந்து குடிக்கக் கொலாஜன் தூள். வெயிலில் இறங்காதே, சர்க்கரையைத் தொடாதே, நேரத்துக்குத் தூங்கு. இத்தனை செய்தும் பலன் என்னவோ கால்வாசிதான். அப்புறம் 'தளிர்' வந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரே ஒரு மாத்திரை. சாப்பிட ஆரம்பித்த அன்றைக்குத் தோல் எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும். விடாமல் சாப்பிட்டால் வருஷக்கணக்கில் பின்னாலும் போகும். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அதனால் ஊரில் என் வயதுக்கு என் வயது முகத்தோடு திரிகிற சிலரில் நானும் ஒருத்தி.

இதில் போனது என்ன என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நம் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் முதலில் முகத்தைத்தான் விசாரிப்போம். ஏன் ஒரு மாதிரி இருக்க, மெலிஞ்சிட்டியே, கண்ணு உள்ள போயிருக்கே, தூங்கலையா என்று பிடுங்கி எடுப்பார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் பாதி வியாதி அந்தக் கேள்வியில்தான் பிடிபடும். தளிர் வந்தபிறகு அந்தக் கேள்வியே போய்விட்டது. எல்லாரும் எல்லாரையும் பார்த்து 'ஜம்முனு இருக்கிய' என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போகிறார்கள். நான் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டாக்டர். அங்கே நாங்கள் சிலரைப் பார்த்துவிட்டோம். ரோஜாப்பூ போன்ற முகத்தோடு வந்து, ரோஜாப்பூ போன்ற முகத்தோடே செத்துப்போனவர்கள். வெளியே சொன்னால் பொறாமை என்பார்கள்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், அம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு, வெற்றிலைத் தட்டை எடுக்க மாடியில் அப்பா அம்மாவுக்கு ஒதுக்கிய அறைக்குப் போனேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் ஊற்றியும் போகாமல் தார் மாதிரி கறுப்பாக ஒட்டியிருந்தது. வாடையும் இருந்தது. எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு அந்த வாடை பழக்கம். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, குடல் வழியாக வரும்போதுதான் அந்த நிறமும் அந்த நாற்றமும். அந்த அறையின் சாவி அப்பாவிடமும் அம்மாவிடமும் மட்டும்தான் இருந்தது. ஆக, இரண்டு பேரில் ஒருவருக்கு உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. 

அம்மா மேல்தான் முதலில் சந்தேகம் போனது. ஒரு மாதமாகப் போனில் அசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். கீழே அலங்கார அறையில் தர்ஷினி அத்தை அவளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை. அவளை ஏதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, அம்மாவிடம் விஷயத்தைக் கேட்டேன். நான் இல்லை என்றாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பட்டினி, பட்டுப்புடவை, புழுக்கம், எல்லாம்தான் காரணம் என்றாள். கீழ் இமையை இழுத்துப் பார்க்கப் போனால் மை கலைந்துவிடும் என்று கையைத் தட்டிவிட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா ஏண்டி இப்படிப் பேசுத? என் மூஞ்சியப் பாரு. நோயாளி மாதிரியா இருக்கு?"

"அந்த மூஞ்சியத்தாம்மா நம்ப முடியாது," என்றேன். "உள்ள ரத்தம் போச்சுன்னா உடம்பு மொதல்ல தோலத்தான் பட்டினி போடும். தோலுக்குப் போற ரத்தத்த நிறுத்தி, இருதயத்துக்கும் மூளைக்கும் அனுப்பும். ஆளு வெளுத்துப் போறதுன்னா அதுதான். தளிர் சாப்பிட்ட தோலு பட்டினி கெடக்காது. வீட்டுல எழவு விழுந்தாலும் தனிக்குடித்தனம் போன மருமக மாதிரி தன் பங்க மொதல்ல வாங்கிக்கிடும். மூஞ்சி செவசெவன்னு இருக்கும், உள்ள ஒவ்வொண்ணா அணையும்."

அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், தாலி ஏறட்டும், அப்புறம் உன் இஷ்டப்படி எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போ என்றாள். அத்தை திரும்பி வந்து என்னை வெளியே தள்ளினாள்.

அப்பாவிடம் ஓடினேன். அப்பா ஹரிபிரசாத் மெல்லிசைக் குழுப் பாடகர். 'ஹரி' என்றால் தூத்துக்குடி முதல் நாகர்கோவில் வரை கோயில் கொடை விழாக்களில் தெரியாதவர்கள் இல்லை. பளபளக்கிற சட்டை போட்டுக்கொண்டு மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குதித்துக்கொண்டே பாடுவார். முன் வரிசையில் இருக்கும் பெண்பிள்ளைகள் அவருக்கு என் வயதுகூட இருக்காது என்று பந்தயம் கட்டும். அன்றைக்கும் குழுவினர் சுற்றி உட்கார்ந்திருக்க, கீபோர்டு அருகே நின்று ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். வயிற்று வலி உண்டா, தலை சுற்றுகிறதா, கறுப்பாகப் போனதா என்று காதில் கேட்டேன். "எனக்கென்னட்டி, இரும்பு," என்றார். நாடி பார்க்கக் கையை நீட்டினால், அந்தக் கையையே பிடித்து என்னை ஒரு சுற்று சுற்றிவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அவரை அறையலாம் போல் இருந்தது.

மருத்துவமனையில் அன்று பணியில் இருந்தவன் ஜெஃப்ரின். என்னோடு படித்தவன், வயிறு குடல் நிபுணன். அவனுக்குப் போன் செய்து படுக்கையும் ரத்தமும் தயாராக வைக்கச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டான். தெரியவில்லை, இரண்டில் ஒன்று என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸை மண்டபத்துக்கு அனுப்புகிறேன் என்றான்.

ஹோமம் முடிந்து கலச நீர் ஊற்றும் சடங்கு ஆரம்பமானது. இருவரையும் மணையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, உறவுக்காரர்கள் வரிசையாக வந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மார்கழித் தண்ணீர். வேறு யாராக இருந்தாலும் மயிர் கூச்செறிந்து, உதடு நீலமாகி நடுங்கியிருப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் அப்போதுதான் மலர்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். புதுப் பொண்ணு புது மாப்பிள்ளை தோற்றார்கள் போங்கள் என்று கூட்டத்தில் சொன்னார்கள். என் முறை வந்தபோது குடத்துத் தண்ணீரில் பாதியைத் தரையில் விட்டேன். இந்தத் தண்ணீருக்கும் அந்தத் தோல் உள்ளே இருக்கிற சூட்டையும் ரத்தத்தையும் வாரி வெளியே இறைத்துக்கொண்டிருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இருவரும் எழுந்தபோது அம்மா ஒரு பக்கமாகத் தடுமாறினாள். அம்மாதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஈரப்புடவை மாற்றி அவள் வருவதற்குள் உயிர் போய் வந்தது. தாலி கட்டும்போது நாதஸ்வரச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. தளிருக்குத் தோலை மட்டும்தான் தெரியும். நாக்கைத் தெரியாது. அடுத்த சடங்கு பாலும் பழமும். வாயைத் திறந்துதான் ஆகவேண்டும்.

சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து மணமக்களுக்குப் பாலும் வாழைப்பழமும் கரண்டியால் ஊட்டுவார்கள். நான் போய் வெள்ளிக் கிண்ணத்தைத் தூக்கினேன். தர்ஷினி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆகாதவள் கொடுக்கக்கூடாது, உன் அம்மாவுக்குத்தான் ஆகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவள் கையை உதறினேன். பால் பாதி அவள் பட்டில் கொட்டியது. சபையே பார்த்தது. பார்க்கட்டும் என்று அம்மாவின் முன்னால் உட்கார்ந்து கரண்டியை நீட்டினேன். அவள் என்னை முறைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

நாக்கு நல்ல சிவப்பு.

ஒரு விநாடி அழுகை வந்தது, சந்தோஷத்தில். அப்புறம்தான் பக்கத்தில் இருப்பவர் ஞாபகம் வந்தது. அப்பா உதட்டை மட்டும் லேசாகப் பிளந்து பாலை உறிஞ்சப் பார்த்தார். பழம் வைக்க வேண்டும், நன்றாகத் திறங்கள் என்றேன். திறந்தார். நாக்கும் ஈறும் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தன. மேலே ரோஜா நிறத்தில் கன்னம், நடுவில் அந்த வெள்ளை. நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். அம்மா தடுமாறவில்லை, அப்பாதான் தன் பாரத்தை அவள் மேல் சாய்த்து எழுந்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

"சபையில வச்சு ஒண்ணும் சொல்லாத," என்றார் மெதுவாக. "ஒரே ஒரு பாட்டு. பாடிட்டு நானே வாரேன்."

நான் தோளை அழுத்தி உட்காரவைப்பதற்குள் எழுந்துவிட்டார். குழுவினர் வாசிக்க ஆரம்பித்தார்கள். மைக்கை வாங்கினார், முதல் அடியை எடுத்தார், இரண்டாம் அடிக்கு மூச்சு எடுக்கும்போது அப்படியே மடிந்து மணமேடையில் விழுந்தார்.

நாலு பேர் சோடா கேட்டார்கள். பட்டினி மயக்கம்தான், முகத்தைப் பார் எப்படி ஜொலிக்கிறது என்று அத்தை எல்லாருக்கும் தைரியம் சொன்னாள். படுக்கவைத்து விசிறினால் சரியாகிவிடும் என்றார் சாத்தான்குளத்துப் பெரியவர். ஆம்புலன்ஸில் ஏற்றக் கை கொடுக்க ஆள் வரவில்லை. அவருக்கு ஒன்றும் இல்லை என்று அத்தனை பேருக்கும் கண்ணாலேயே தெரிந்திருந்தது. கீபோர்டு வாசிப்பவரும் நானும் அம்மாவும்தான் தூக்கினோம்.

மருத்துவமனை வாசலில் வருகிறவர்களின் முகத்தைப் படம் பிடித்து, யார் முதலில் யார் அப்புறம் என்று பிரிக்கிற கேமரா உண்டு. முகத்தின் நிறத்தை வைத்துத்தான் அதன் தீர்ப்பு. மாற்றச் சொல்லி நாங்கள் எழுதிக் கொடுத்து நாளாயிற்று. அது அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பச்சை விளக்கைப் போட்டது, காத்திருக்கவும் என்றது. கதவு திறக்கவில்லை. என் பின்னால் வந்த, உண்மையான முகம் உள்ள ஒரு காய்ச்சல்காரருக்கு மஞ்சள் விளக்கு எரிந்து கதவு திறந்தது. அவரோடு சேர்த்து ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவிட்டேன். அபாய மணி அலறியது. அலறட்டும்.

ஜெஃப்ரின் குழாய் விட்டுப் பார்த்தான். இரைப்பையில் பெரிய புண், அதிலிருந்துதான் ரத்தம். கிளிப் போட்டு அடைத்தான். இனி பயமில்லை என்று நினைத்தேன். ஆனால் ரத்தம் ஏற்ற ஏற்ற அழுத்தம் ஏறவில்லை. சிறுநீர் நின்றுபோயிருந்தது. அவன் என்னையும் அம்மாவையும் தனியே கூப்பிட்டான்.

"ஓட்டைய அடைச்சாச்சு. ஊத்துற ரத்தத்தையெல்லாம் தோலே குடிச்சிட்டிருக்கு. சிறுநீரகம் போயிட்டிருக்கு, அடுத்தது இருதயம். முறிமருந்து போட்டாத்தான் தோல் அடங்கும்."

முறிமருந்து போட்டால் தளிரின் பிடி விட்டுவிடும். நிறுத்தி வைத்த வயதெல்லாம் ஓரிரு நாளில் முகத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் தளிர் அந்த உடம்பில் ஒருபோதும் வேலை செய்யாது. அதனால் நோயாளி சம்மதிக்க வேண்டும், அவருக்கு நினைவு இல்லையென்றால் துணைவர் சம்மதிக்க வேண்டும் என்பது சட்டம்.

அப்பாவுக்குக் கொஞ்சம் நினைவு இருந்தது. சொன்னேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்.

"வேண்டாம்ட்டி. என் மூஞ்சிய எடுத்துட்டு என்னைய மட்டும் வீட்டுக்கு அனுப்பாத. கொடைக்கு எவன் கூப்பிடுவான்? எப்படியும் சரியாயிரும்."

கெஞ்சினேன். மகளாகக் கெஞ்சினேன், டாக்டராக மிரட்டினேன். கையெழுத்துப் போடுகிற விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். முகம் என்னவோ மாப்பிள்ளை முகமாகவே இருந்தது. அந்த முகத்தின் மேல் எனக்கு வந்த வெறுப்பை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. அப்புறம் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அன்று ஏறிய மஞ்சள் கயிறு இன்னும் காயவில்லை.

"போட்டா பிழைச்சிருவாவளா?" என்று ஜெஃப்ரினைக் கேட்டாள்.

"போடலன்னா பிழைக்க மாட்டாங்க."

"போடுங்க. எந்திரிச்சு ஏசினா என்னைய ஏசட்டும்."

அழுத்தம் ஏற ஆரம்பித்தது. கன்னத்தின் சிவப்பு வடிந்து அவர் வெளுத்தார். அப்பா வெளுத்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. தோல் கடைசியில் வீட்டோடு சேர்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் காலை அவரை வார்டுக்கு மாற்றினார்கள். புதிதாக வந்த நர்ஸ் அம்மாவிடம், உங்கப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.  அம்மா கட்டிலருகே போய் அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். நானும் பார்த்தேன். அறுபது வயது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணோரம் சிரிப்புக் கோடு, நெற்றியில் நாலு வரி, கொஞ்சம் தொங்கல். இது அப்படி இல்லை. புருவத்துக்கு நடுவில் இரண்டு ஆழமான வெட்டு. வாயின் இரு பக்கமும் பல்லைக் கடித்துக் கடித்து விழுந்த பள்ளம். சிரிப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. ஊரையே சிரிக்க வைத்த மனிதர்.

அம்மா ஜெஃப்ரினிடம், இது மருந்தால் வந்ததா என்று கேட்டாள். அவன் தயங்கித்தான் சொன்னான். தளிர் தோலை மட்டும்தான் நிறுத்தி வைக்கும், அடியில் இருக்கிற தசை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வருஷக்கணக்காக அந்தத் தசை எப்படிச் சுருங்கியதோ, விடுபட்ட தோல் அதன் மேல் அப்படியே படியும் என்றான்.

அப்பா கண் விழித்திருந்தார். ஏசவில்லை. அவராகவே சொன்னார். முட்டு இரண்டும் தேய்ந்து பல வருஷமாம். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் வலி மாத்திரை, முடிந்த பின்னும் மாத்திரை, ஆட்டம் அதிகமான நாளில் நடுவிலும். வயிற்றை அரித்தது அதுதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முப்பது வயசு மூஞ்சிய வச்சுக்கிட்டு முட்டு வலின்னு சொன்னா எவன் நம்புவான்?" என்றார். "ஒரு தடவ இவகிட்ட சொன்னேன். சும்மா நடிக்காதியன்னு சிரிச்சா."

அம்மா அவர் புருவத்தின் நடுவில் விரலை வைத்து அந்த வெட்டைத் தடவினாள்.

"வயசு வந்திருக்கும்னு நெனச்சேன்," என்றாள். "வலி வந்திருக்கு."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, ஜெஃப்ரினுக்கு நேராகக் கையை நீட்டினாள். தனக்கும் முறிமருந்து போடச் சொன்னாள்.

நான்தான் பதறினேன். உனக்கு ஒரு நோயும் இல்லை, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திக்கொள்ளலாம், ஊசி போட்டால் எல்லாம் ஒரேயடியாக வந்துவிடும் என்று அடுக்கினேன். அப்பாவும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். நீயாவது அப்படியே இரு சுகன்யா என்றார். அவள் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஜெஃப்ரின் என்னைப் பார்த்தான். அவள் உடம்பு, அவள் சம்மதம், என்னால் மறுக்க முடியவில்லை.

அவன் மருந்தை ஏற்றும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "பன்னெண்டு வருசமா உங்கப்பா என் மூஞ்சியப் பாத்துட்டு, இவளுக்கென்ன, நல்லாத்தானே இருக்கான்னு கச்சேரிக்குப் போயிட்டாவ. நீயும் அதத்தான் நெனச்ச." என்னிடம்தான் சொன்னாள், குரலில் கோபமே இல்லாமல்.  அம்மா சந்தோஷமாக இருக்கிறாள் என்று நான் எதை வைத்து நம்பிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். அவள் முகத்தைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. தசை என்னென்ன எழுதி வைத்திருக்குமோ என்று பயமாக இருந்தது.

ஊசி இறங்கியது. அப்பா முகத்தைச் சுளித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மூடாதிய," என்றாள் அம்மா. "பாருங்க."